பொருளடக்கத்தில் கண்டமங்கலம்

பொருளடக்கம் மூன்றாவது தடவையும் கோணலாகவே வந்தது. ஊர்ப்பெயர்கள் இடது ஓரத்தில் ஒழுங்காக நின்றன. பக்க எண்கள்தான் ஆளுக்கொரு இடத்தில் சிதறிக் கிடந்தன.

"மறுபடியும் கலைஞ்சு போச்சே, ஏம்மா?" என்றார் சகாயராஜ்.

"கையால சரி பண்ணா நிக்காது சார். அப்டேட் குடுத்ததும் பழையபடி ஆயிடுது. ஸ்டைல்ங்கிற அமைப்புலயே போய்த்தான் மாத்தணும்" என்றாள் புனிதா. விழுப்புரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இருந்த அந்தச் சிறிய கடையில் அவள் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிறாள். இந்தப் புத்தகத்தை முதலில் கவனித்த கோபி சென்னைக்குப் போய்விட்டதால் பாதியில் இவள் கைக்கு வந்தது.

சகாயராஜ் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் திண்டிவனத்து வீட்டில் உட்கார்ந்து, விழுப்புரம் – புதுச்சேரி தடத்தில் தான் கண்ட மனிதர்களைப் பற்றி நோட்டு நோட்டாக எழுதினார். ஊருக்கு ஓர் அத்தியாயம். தலைப்பும் அந்த ஊரின் பெயர்தான்.

புனிதா வலது ஓரத்தில் எண்கள் நிற்க வேண்டிய இடத்தைக் குறித்து, நடுவே புள்ளி வரிசையையும் போட்டுவிட்டு மறுபடி அப்டேட் கொடுத்தாள். எண்கள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. சகாயராஜுக்கு மூச்சு வந்தது.

"ஆனா இங்க பாருங்க சார், எழுபத்தொண்ணாம் பக்கத்துல ரெண்டு ஊரு காட்டுது. மதகடிப்பட்டு, கண்டமங்கலம். அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தா மதகடிப்பட்டு மட்டும்தான் இருக்குது."

அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அதை எடுத்துடச் சொன்னேனே கோபிகிட்ட."

புனிதா எதையெதையோ திறந்து பார்த்தாள். "எடுக்கல சார். வேற லேயர்ல, தனி அடுக்குல போட்டு மறைச்சு மட்டும் வெச்சிருக்காரு. மறைச்சதையும் பொருளடக்கத்துல சேர்த்துக்கோன்னு ஒரு டிக் இருக்குது, அதான் வருது." ஒரு சொடுக்கில் மறைவை விலக்கினாள். நான்கு பக்கங்கள் மேலே வந்தன. "டிக்கை எடுத்துட்டா போதும், பேரு போயிடும். இல்ல, மொத்தமா டெலிட் பண்ணிடவா?"

அவர் அந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

காலை ஆறு நாற்பது டிரிப்பில் கண்டமங்கலத்தில் ஏறி, புதுச்சேரி மில்லுக்கு வேலைக்குப் போன செண்பகம். ஒன்றரை வருஷம் அவளுக்கு மட்டும் சில்லறையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். 'உங்க வீட்டுல பேசுங்க' என்று ஒருநாள் அவளே சொன்னாள். அவள் வீட்டார் நிலம் உள்ளவர்கள், வேறு சாதி, வேறு சாமி. அவர் பயந்துபோனார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். ஒரு திங்கட்கிழமை அவள் நிறுத்தத்தில் இல்லை. சேலம் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று கூட வேலை பார்த்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதன்பின்னும் மாதக்கணக்கில் அந்த நிறுத்தம் வந்தால் அவர் கண் அங்கேயே போனது.

போன் அடித்தது. அவர் மனைவி அன்புச்செல்வி.

"இன்னாங்க, முடிஞ்சிச்சா?"

"பொருளடக்கம் பேஜாரு பண்ணிக்கினு இருந்திச்சு. இப்பதான் சரியாச்சு."

"கண்டமங்கலம் இருக்குதா அதுல?"

"அது… உனக்கு எப்படி?"

"நோட்டை அலமாரியிலதானே வெச்சிருக்கீங்க? நான் எப்பவோ படிச்சிட்டேன். எல்லாத்துலயும் அதுதான் நல்லா எழுதியிருந்தீங்க. எடுத்துடாதீங்க." பிறகு, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்: "நான் எங்கனா வர்றேனா?"

அவர் திரையைப் பார்த்தார். இருபத்திரண்டு ஊர்கள். வரிசையாக விரலை ஓட்டினார். அன்புச்செல்வி எங்கும் இல்லை.

"வீட்டுக்கு வந்து பேசறேன்" என்று போனை வைத்தார். புனிதாவிடம், "கண்டமங்கலத்தை உள்ள சேர்த்துடும்மா. ஒரு வாரம் பொறு, பிரஸ்ஸுக்கு அனுப்பாதே" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சாயங்காலம் வீட்டில் அவள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார்.

"நீ என் பஸ்ல ஏறினதே இல்லையே, அன்பு. அதான் எழுதத் தோணல."

"ஏறியிருக்கேன். ஒரே ஒரு தபா." அவள் தலை நிமிரவில்லை. "உங்க சம்பந்தம் பேசி வந்தப்போ, மாப்பிள்ளை எப்படின்னு பார்க்கலாம்னு கோலியனூர்ல ஏறினேன். புதுச்சேரிக்கு டிக்கெட் கேட்டேன். குடுத்தீங்க, மூஞ்சியைப் பார்க்கல. கண்டமங்கலம் வந்ததும் படியில இறங்கி நின்னுக்கினு கூட்டத்துல யாரையோ தேடினீங்க. விசில் அடிக்கவே மறந்துட்டீங்க. டிரைவர் திட்டினாரு."

"தெரிஞ்சும் ஏன் சரின்னு சொன்ன?"

"ஒருத்தியை இப்படித் தேடுற ஆளு, என்னிக்கினா நம்மளையும் தேடுவாருன்னு நெனச்சேன்."

உரித்த வேர்க்கடலையை முறத்தில் போட்டுவிட்டு அவள் அடுத்ததை எடுத்தாள். அவர் எழுந்துபோய் நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தார்.

"எந்த சீட்டுல உட்கார்ந்திருந்த?"

"பின்னால. ஜன்னலோரம்."

"இன்னா புடவை?"

"ஊதா. அக்காளோடது."

கேட்டுக் கேட்டு எழுதினார். கண்ணை மூடினால் செண்பகத்தின் தூக்குவாளிகூடத் தெரிந்தது. பின் சீட்டில் ஊதாப் புடவை கட்டி உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்த இருபது வயதுப் பெண் மட்டும் வரவேயில்லை. ஆயிரம் முகங்களுக்கு நடுவில் கை நீட்டி டிக்கெட் வாங்கிய அந்த ஒரு முகத்துக்காக அவர் மனம் அடித்துக்கொண்டது. ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

ஒன்றரைப் பக்கம் வந்தது. அடுத்த வாரம் புனிதா அதைச் சேர்த்தாள். பொருளடக்கத்தில் கோலியனூர் தன் இடத்தில் வந்து உட்கார, அதற்குக் கீழே இருந்த ஊர்களின் எண்களெல்லாம் இரண்டிரண்டாகத் தள்ளிப்போயின.

புத்தகம் வந்த அன்று அன்புச்செல்வி நேராக அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். படித்து முடித்து வெகுநேரம் மூடாமல் வைத்திருந்தாள்.

"புதுச்சேரியில இறங்கி நான் இன்னா பண்ணேன்னு நீங்க கேட்கவே இல்லையே" என்றாள்.

"இன்னா பண்ண?"

"அடுத்த டிரிப்புக்கு நின்னேன். உங்க பஸ்ஸுலயே திரும்பி வந்தேன்."