திரைக்குப் பின்னால் ஒரு போன்

அப்துல் மஜீத் கடையில் வாயைத் திறந்தால், கைலி வாங்க வந்தவன் கல்யாணப் பட்டு வாங்கிக்கொண்டு போவான். வீட்டு ஹாலில் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்துவிட்டாலோ அதே வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். மகள் ஷஹானாவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் பந்திங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பேச வருகிறார்கள் என்றதும் அவரிடம் ஒரே ஒரு வாக்குக் கேட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் பார்க்கும் பிசியோதெரபி வேலையை அவள் கல்யாணத்துக்குப் பிறகும் விடமாட்டாள் என்று அவர் சபையில் சொல்லிவிட வேண்டும். மஜீத் மகள் தலையில் கை வைத்து, அதெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அடுத்த கவலை ஏர்கோன். அதை ஷஹானா போன் மூலம் ஓர் அட்டவணைக்குள் அடக்கி வைத்திருந்தாள். சாயங்கால அஸர் தொழுகை நேரத்தில் வீட்டில் யாரும் இருப்பதில்லை என்பதால் ஹால் ஏர்கோன் தானாக அணைந்துவிடும். விருந்தாளிகளோ அஸருக்குப் பிறகுதான் வருகிறார்கள். கிள்ளான் மாலை வெயிலில் அவர்களை வேகவைத்து அனுப்ப முடியுமா?

“இன்னைக்கு மட்டும் மாத்திட்டேன் அத்தா. ராத்திரிக்கு அதுவே பழைய டைமுக்குப் போயிடும்,” என்றாள் ஷஹானா. “கூட்டணும், குறைக்கணும்னா போன்லயே பாத்துக்கலாம். நீங்க செவுத்துல உள்ள பட்டனைத் தொடாதீங்க லா. தொட்டா போன் சொல்றதை அது கேக்காது.”

மஜீதுக்குத் திருப்தி. ஆண்கள் ஹாலில் பேசுவார்கள், பெண்கள் திரைக்குப் பின்னால் அறையில் இருப்பார்கள், பேச்சு முடியும்வரை பெண் வெளியே வரமாட்டாள். அதுதான் அவர்கள் வழக்கம். குளிர் மட்டும் உள்ளேயிருந்து வந்தால் வழக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளை அன்சாரை அழைத்துக்கொண்டு அவனுடைய பெரியத்தா ஹைதர் வந்தார். ஹைதருக்குப் பந்திங்கில் சாப்பாட்டுக் கடை. அவர் சரீரமே அந்தக் கடைக்கு நல்ல விளம்பரம். அன்சாருக்குப் போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை. பெரியவர்கள் பேசும்போது மாப்பிள்ளை வாயைத் திறக்கக்கூடாது என்பதால், கட்டிவைத்த ஆட்டைப்போல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

மருமகள் பந்திங் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார் ஹைதர். மஜீத் தலையாட்டினார். இனி அவள் வேலைக்குப் போக வேண்டாம், தன் கடையில் கல்லாவில் உட்காரட்டும் என்றார் ஹைதர். மஜீத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். இன்னொரு சமோசா எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

டிங் என்றது ஏர்கோன். வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஹைதருக்கு நெற்றி வேர்த்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, பெண் நன்றாகப் படித்திருக்கிறாள் என்று புகழ்ந்தார். டிங். குளிர் கொட்டியது. படித்து என்ன, பெண் என்றால் வீட்டோடு இருப்பதுதான் அழகு என்றார். டிங். நின்றது. கரண்டில் ஏதோ கோளாறு என்று மஜீத் மழுப்பினார்.

முதலில் சுதாரித்தவன் அன்சார்தான். மெல்லத் தலையை நிமிர்த்தி, இப்போது கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து சுலபமாக வேலைக்குப் போய்வரலாம் என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தான். குளிர் வந்தது. ஆனாலும் தினமும் அலைவது கஷ்டம்தான் என்று சொல்லிவிட்டு மேலே பார்த்தான். நின்றது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மஜீதுக்கும் விளங்கிவிட்டது. தான் சொல்ல வேண்டியதை எல்லாம் தன் மகள் ஏர்கோனை வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“மஜீத் பாய், அந்தப் பட்டனை அமுக்குங்க லா. உசிர் போகுது,” என்றார் ஹைதர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மஜீத் எழுந்து சுவரிடம் போனார். ஓர் அமுக்கு அமுக்கினால் போதும். சம்பந்தி குளிர்ந்துவிடுவார், வீட்டு மானமும் தப்பும். ஆனால் திரைக்குப் பின்னால் இருப்பவளுக்கு அப்புறம் பேச ஒரு வழியும் இருக்காது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கையை இறக்கினார்.

“என் மக வேலையை விடமாட்டா,” என்றார். “இதைச் சொல்றேன்னு வாக்குக் குடுத்துட்டுத்தான் இங்க வந்து உக்காந்தேன். உங்களுக்குச் சமோசா குடுத்துக்கிட்டே இருந்துட்டேன்.”

மூன்று பேரும் ஏர்கோனைப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

“பெரியத்தா, அது நம்ம பதிலுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு,” என்றான் அன்சார்.

ஹைதர் தம்பி மகனைப் பார்த்தார், மஜீதைப் பார்த்தார். கடைசியில் ஏர்கோனைப் பார்த்து, சரி, வேலைக்குப் போகட்டும் என்றார். ஒன்றும் நடக்கவில்லை. பந்திங்கிலிருந்து ரயில் ஏது, கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்துக்கொள்கிறோம் என்றான் அன்சார். ஹைதர் ஒரு பெருமூச்சு விட்டு அதற்கும் தலையாட்டினார்.

டிங்.

ஹைதர் கண்ணை மூடி அல்ஹம்துலில்லாஹ் என்றார். சம்பந்தம் முடிந்ததற்கா, குளிர் வந்ததற்கா என்று யாரும் கேட்கவில்லை.

மகளை நாலு வார்த்தை மெச்சலாம் என்று மஜீத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். ஷஹானா கட்டில் ஓரத்தில் நகத்தைக் கடித்தபடி, போதும் அம்மா, போனைக் குடுங்கம்மா என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். போன் அவருடைய மனைவி காத்தூன் பீவியின் கையில் இருந்தது. மூக்கு நுனியில் கண்ணாடி, போன் திரையின் மேல் ஒற்றை விரல்.

“நீயா?” என்றார் மஜீத்.

காத்தூன் பீவி போனை மகளிடம் கொடுத்தாள்.

“கல்யாணத்துக்கு முந்தி நான் தடிக்காவில சின்னப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தேன்,” என்றாள். “என்னைப் பேசி முடிச்ச அன்னைக்கு, உனக்கு வேலையை விட இஷ்டமான்னு ஹால்ல இருந்து ஒருத்தரும் கேக்கல. நீங்களும் அங்கதான் உக்காந்திருந்தீங்க.”