நடுத்தெருவில் ஒரு சோபா

என் மாமனார் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரால் எங்கள் வாசலிலிருந்து எதிர்வீட்டுக்குப் போக முடியவில்லை. எதிர்வீடு வேறு யார் வீடோ இல்லை, அவருடைய மகள் வீடு. அங்கே பிறந்து பத்தொன்பது நாளான பேத்தி இருந்தாள்.

இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவருக்கு நாலு கால் ஊன்றுகோல்தான் துணை. தெருவைக் கடக்க அரை நிமிடம் வேண்டும். வளைவில் திரும்பும் வண்டி எங்கள் வாசலுக்கு வர ஐந்து நொடி போதும். நடைபாதை கிடையாது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் காருக்கும் சேர்த்து ஒரே தெரு. இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே இது குறுக்குவழி என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, ஊரிலுள்ள அவசரக்காரர்கள் எல்லாரும் இதில்தான் பறந்தார்கள். அதில் முதல் பரிசு கடைசி வீட்டு பைக் மெக்கானிக்குக்கு. தெருவே அவனுக்கு ராக்கெட் என்று பேர் வைத்திருந்தது. அவனோ அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், வாங்க மாமா" என்று தினமும் கெஞ்சுவேன்.

"பஸ் ஓட்டினவன், இன்னொருத்தர் கையப் புடிச்சா ரோட்டக் கடக்கிறது?"

"அப்ப பாப்பாவ இங்க தூக்கிட்டு வரச் சொல்றேன்."

"பேத்தியப் பாக்க தாத்தாதாம்மா போகணும். அவ வந்து என்னப் பாக்கறதா?"

வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. தினமும் காலையில் சட்டை மாற்றி, தலை வாரி, வாசலில் இறங்குவார். இரண்டடி வைப்பார். ஹாரன் அலறும். திரும்பிவிடுவார். மாடி ஜன்னலில் நாத்தனார் குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். கையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து, மாற்றிய சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் என் வீட்டுக்காரர் சோபாவை முடித்தார். அவர் தச்சர். "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று பதினொரு வருடமாக எனக்குச் சொல்லிவந்த சோபா அது. மெத்தை தைத்தது நான். பக்கத்திலேயே இருக்கும் பட்டறையின் அகல ஷட்டர் வழியாக நாலு பேர் அதைத் தூக்கி வந்து, எங்கள் வாசலில் நுழைத்தார்கள். நுழையவில்லை. படுக்கப் போட்டார்கள், நிமிர்த்தினார்கள், குப்புறக் கவிழ்த்தார்கள். நாலு விரற்கடை இடித்தது.

"ஏங்க, அளக்கலையா?"

"இந்தக் கதவு நானே செஞ்சதுடி. எனக்கா அளவு தெரியாது?"

ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் மூன்று தடவை அளக்கிற மனிதர், தன் கைவேலையை நம்பி ஏமாந்துபோனார். நான் சிரித்த சிரிப்பில் தூக்கியவர்களுக்கும் கை தளர்ந்து, சோபாவை நடுத்தெருவிலேயே இறக்கிவிட்டார்கள். கால்களைக் கழற்ற ஸ்பேனர் தேடி அவர் பட்டறைக்குப் போனார். யாரும் வந்து முட்டிவிடக் கூடாதே என்று, இரண்டு பக்கமும் தள்ளி ஸ்டூல் போட்டு, மிச்சமிருந்த சிவப்பு மெத்தைத் துணியைக் கட்டினேன்.

முதல் கார் வந்தது. தயங்கியது. ஊர்ந்து போனது. அடுத்து வந்த ரொட்டி வேன்காரர் தலையை நீட்டி, "சோபா ஜோரா இருக்கே!" என்றுவிட்டுப் போனார். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. தெருவில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்டது.

அப்போதுதான் பின்னால் டக், டக் என்று ஊன்றுகோல் சத்தம். மாமனார், வாரிய தலையோடு, நடுத்தெருவை நோக்கி. கத்த வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். சோபா வரை போய், திரும்பி, சாய்ந்து உட்கார்ந்தார்.

"மெத்தைய நல்லாத் தச்சிருக்கம்மா."

அந்த நேரம் பார்த்து ராக்கெட் வளைவில் திரும்பினான். சிவப்புத் துணியைப் பார்த்ததும் பிரேக்கை அமுக்கி, ஸ்டூலுக்குப் பத்தடி தள்ளி நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"எங்கப்பா இவ்ளோ அவசரம்?" என்றார் மாமனார்.

"டீ குடிக்க, ஐயா."

"ஆறிடுமா?"

"இல்ல... இனிமேதான் போடணும்."

தெருவே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப கொஞ்சம் இரு. நான் எம் பேத்தியப் பாக்கப் போறேன். பத்தொம்பது நாளாப் போயிட்டே இருக்கேன்."

ராக்கெட் எஞ்சினை அணைத்தான். இறங்கி, பைக்கைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்தி, பின்னால் வந்த காரைக் கையைக் காட்டி நிறுத்தினான். மாமனார் எழுந்தார். மிச்சப் பாதித் தெருவையும் அவரே கடந்தார். படியிறங்கி ஓடிவந்த மகளிடம், "அங்கயே நில்லு, நான் வரேன்" என்றார். போய்ச் சேர்ந்து, வாசல் நாற்காலியில் அமர்ந்து, பேத்தியை மடியில் வாங்கினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஸ்பேனரோடு வந்த என் வீட்டுக்காரர், "கழட்டிடவா?" என்றார்.

"வேண்டாம்!" என்று தெரு முழுக்க ஒரே குரலில் கத்தியது.

அன்று மாலை வரை சோபா அங்கேயே இருந்தது. சோபாவைத் தெருவில் போடக் கூடாது என்று சாலை அலுவலகத்தார் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் தெருவே கையெழுத்துப் போட்டுக் கேட்டதில், இரண்டு மாதத்தில் வண்டிகள் வளைந்து போகும்படி நடுவில் பூத்தொட்டித் திட்டு கட்டி, ஒரு பெஞ்சும் போட்டுத் தந்தார்கள். பெஞ்சைச் செய்தது என் வீட்டுக்காரர். டேப்பைப் பிடித்து அளந்தது நான். சோபா இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. கதவை அடுத்த மாதம் அகலப்படுத்துவாராம்.

இப்போது மாமனாரைச் சாப்பாட்டுக்கு வீட்டில் பிடிப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. ஒரு நாளைக்குப் பத்து தடவை தெருவைக் கடக்கிறார். காலையில் மகள் கொண்டுவந்து தர, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ராக்கெட் வளைவிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, பாப்பா தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்தபடி பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறான்.