தெல்லிப்பழைக் கீரையும் மயிலிட்டிக் கீரையும்

பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்குக் கீர்த்திகா எடுத்துக்கொண்டது முளைக்கீரை. தெல்லிப்பழைச் செம்மண்ணில் வளர்ந்ததிலா, மயிலிட்டி மணலில் வளர்ந்ததிலா விற்றமின் சி அதிகம்? செம்மண் கீரை தந்தவர் அயல்வீட்டுத் தோட்டக்காரர் தியாகலிங்கம். மணல் கீரை, தன் வீட்டுக்குப் பின்னால் பாத்தி போட்டிருந்த மயிலிட்டி ஜெனிற்றா அக்காவுடையது.

முதல் நாள் இரு பக்கத்திலிருந்தும் மும்மூன்று பிடி. சாற்றில், விற்றமின் சி நிறமழிக்கும் நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கணக்கிட்டதில் நூறு கிராமுக்குத் தெல்லிப்பழைக்கு நாற்பத்துநான்கு மில்லிகிராம், மயிலிட்டிக்கு முப்பத்தொன்று. வாய்தவறி அதைத் தியாகலிங்கத்திடம் சொல்லிவிட்டாள். மறுநாள் சந்தையில் அவருடைய கீரைக் குவியலுக்கு மேல் ஓர் அட்டை தொங்கியது: ‘கம்பஸ் சோதனையில் முதலிடம்’.

“ஐயோ மாமா, மூண்டு பிடியை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. இன்னும் முப்பது வேணும்.”

“முந்நூறு கொண்டுபோ பிள்ளை. என்ரை கீரை தோக்காது.”

இம்முறை அவளே ஸ்கூட்டியில் இரண்டு இடத்துக்கும் போனாள். விடிய வெட்டிய கீரையை ஈரச்சாக்கில் சுற்றி ஒன்றாகக் கொண்டுவந்தாள். ஐந்து நாட்களில் ஊருக்குப் பதினைந்து பிடி. சராசரி தெல்லிப்பழைக்கு நாற்பத்துமூன்று, மயிலிட்டிக்கு நாற்பத்திரண்டு. புள்ளிவிபரச் சோதனையை இரண்டு தரம் செய்து பார்த்தாள். வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது என்றே இரண்டு தரமும் வந்தது.

அப்படியானால் அந்த முப்பத்தொன்று? குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாள். அன்று ஜெனிற்றா அக்கா விடிய வெட்டிய கீரையைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தார். வந்து சேரும்போது பின்னேரம் மூன்று மணி. சந்தேகத்தில் தியாகலிங்கத்தின் கீரையிலேயே ஆறு பிடியை மூன்று மணிவரை வெயிலில் போட்டுச் சோதித்தாள். முப்பதுக்கு இறங்கியிருந்தது.

சந்தைக்குப் போய்த் தியாகலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“நாப்பத்திரண்டை விட நாப்பத்திமூண்டு கூடத்தானே பிள்ளை?”

“உங்கடை ஒரே பாத்தியிலை பிடுங்கின ரெண்டு பிடிக்கு இடையிலையே ஏழெட்டு வித்தியாசம் வருது மாமா. உந்த ஒண்டு எந்த மூலைக்கு?”

அவர் வெயிலில் வாடிக்கிடந்த குவியலைப் பார்த்தார்.

“அப்ப உது?”

“முப்பதுதான் இருக்கும்.”

தியாகலிங்கம் அட்டையைக் கழற்றினார். குவியலை நிழலுக்கு இழுத்துத் தண்ணீர் தெளித்தார்.

“ஜெனிற்றாவின்ரை நம்பரைத் தா. பஸ்ஸிலை குடுத்துவிடாதை எண்டு அந்தப் பிள்ளைக்கும் சொல்லவேணும்.”

கீர்த்திகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்ணை விட்டுவிட்டு, வெட்டியபின் கழியும் மணித்தியாலங்களையே ஆராயப்போவதாக அன்றே விரிவுரையாளருக்கு எழுதினாள். அவரும் சம்மதித்தார்.