இரைப்பு யாருடையது

எங்கள் வீட்டில் சத்தமே இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. முன்னறையில் என் தையல் மெஷின் ஓடும். அது நின்றால் என் தம்பியின் நெஞ்சு இரைவது கேட்கும். கல் அறுக்கும் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளின் சமையல் மேடை அவன் அறுத்துப் போட்டதுதான். அந்தத் தூசி நெஞ்சுக்குள் குடிவந்துவிட்டது. வாடகையும் தராது, காலியும் செய்யாது. "போன நுரையீரல் போனதுதான், இருக்கிறதையாவது காப்பாத்திக்குங்க" என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டேன், அந்த மனுஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, அக்காவும் தம்பியும் மறுபடி ஒரே கூரைக்குக் கீழே. காலையும் மாலையும் நெபுலைசர் முகமூடியை மாட்டிக்கொண்டு மருந்துப் புகையை இழுப்பான். அந்த மெஷினும் ஒரு பக்கம் கடகடவென்று ஓடும். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், "என்னம்மா, மில்லு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சத்தம் வந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

கடைசியாகப் போனபோது டாக்டர் ஒரு பரிசோதனைக்கு வரச் சொன்னார். ரத்தத்தில் காற்று எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளலாம் என்றார். இவன் போகவில்லை.

"மூக்குல குழாயை மாட்டினா அவ்வளவுதான்கா. அப்புறம் கழட்டவே விட மாட்டாங்க. எனக்கு ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கிறவன் எதுக்குடா சட்டை பட்டன் போட ரெண்டு தடவை உட்கார்றே?"

பட்டனைத் திறந்தபடியே விட்டுவிடுவான். நான் கத்தாத கத்தல் இல்லை. அவனோடு மல்லுக்கட்டியே எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம்.

இதற்கு நடுவில்தான் மூட்டை வந்து சேர்ந்தது. ரவிக்கை தைக்க வரும் ஒரு டீச்சரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது, "ரெண்டு நாள் வச்சிருங்க அக்கா, வந்து எடுத்துக்கறேன்" என்று ஒரு கூண்டை வைத்துவிட்டுப் போனவள்தான். போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்பாள். கூண்டுக்குள் பழுப்பும் வெள்ளையுமாக, வால் இல்லாமல், கழுத்து இல்லாமல், துணி மூட்டை மாதிரி ஒரு கினிப்பன்றி உட்கார்ந்திருந்தது.

"எலியா பன்றியா, ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலை" என்றேன்.

"ரெண்டும் இல்லைக்கா. மூட்டை" என்றான் தம்பி.

அன்று அவன் சிரித்ததை நான் பார்த்தேன். பட்டறையை விட்டு வந்த பிறகு அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்தால் இருமல் வரும் என்று சிரிப்பையே நிறுத்தி வைத்திருந்தவன். அதற்காகவே அந்த ஜீவனைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சை நான் எடுக்கவில்லை.

அவன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே கூண்டு. சமையலறையில் நான் வெள்ளரிக்காய் நறுக்க ஆரம்பித்தால் போதும், அது 'வீக் வீக்' என்று வீட்டையே கூப்பிடும். கத்தி பலகையில் படுகிற சத்தம் அதற்கு அத்தனை அத்துப்படி. "பெரிய மனுஷிக்குப் பசிக்குதாம்" என்பான். பட்டறைக் கதை, முதலாளி கதை எல்லாம் அதனிடம்தான். என்னிடம் பேசினால் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுப்பேன் என்று அவனுக்குத் தெரியும். அதுவோ இலையை மென்றுகொண்டே கேட்கும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மழை ஓய்ந்து குளிர் ஆரம்பித்த சமயம். முன்னறையில் ஒரு புது இரைப்பு கேட்டது. வழக்கமான விசில் மாதிரி இல்லை. காய்ந்த இலையை விரலால் நெரிப்பது போல மெல்லிய சத்தம், 'டிக் டிக்' என்று. மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினால் தம்பி கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பான்.

"டேய், மருந்து இழுத்தியா?"

"இழுத்தேன்கா."

"இழுத்த மாதிரியா இருக்கு? நெஞ்சு சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

"இழுத்தேன்னு சொல்றேன்ல."

மறுநாளும் இதே பாட்டு. அதற்கு மறுநாளும். அவனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது போல. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு, எனக்குப் பயந்து இன்னொரு வேளை மருந்தும் இழுத்தான். சத்தம் குறையவில்லை. இந்தத் தடவை கையைக் காலைக் கட்டியாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவது என்று நான் முடிவு கட்டினேன்.

ஒரு நாள் காலை அவன் குளிக்கப் போனான். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். நான் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். நூல் அறுந்தது. ஊசியில் கோர்க்கக் குனிந்தேன். 'டிக், டிக்.' அவன் நாற்காலி காலியாக இருந்தது. சத்தம் மட்டும் அறையிலேயே இருந்தது.

கூண்டருகே போய் உட்கார்ந்தேன். மூட்டை மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு குறுகி இருந்தது. மூக்கோரம் காய்ந்துபோன சளி. அதைத் துடைத்துத் துடைத்து முன்கால் முடியெல்லாம் ஒட்டிக் கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாப்பக்கம் உள்ளே போய்ப் போய் வந்தது. நேற்று வைத்த இலை வாடியபடி அப்படியே இருந்தது. யோசித்துப் பார்த்தால், கத்திச் சத்தத்துக்கு அது குரல் கொடுத்தே சில நாள் ஆகியிருந்தது. வீட்டில் இத்தனை சத்தத்தில் ஒரு சத்தம் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

குளித்துவிட்டு வந்தவன் துண்டோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். காதைக் கூண்டில் வைத்துக் கேட்டான்.

"இது பசியில்லாம இல்லைக்கா. மூச்சு விடுறதே வேலையா இருக்கு இதுக்கு. திங்க எங்க நேரம்?" என்றான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சொன்ன கையோடு மருந்து டப்பாவைத் திறந்தான். போன மாதம் அவனுக்குக் கொடுத்த காப்ஸ்யூலில் நாலு மிச்சம் இருந்தது. ஒன்றைப் பிரித்துக் கால்வாசித் தூளைத் தண்ணீரில் கலக்கப் போனான். "எனக்கு இதுல சளி உடனே இறங்கிச்சுக்கா."

நான் கையைத் தட்டிவிட்டேன். தூள் தரையெல்லாம் கொட்டியது. "அறிவு இருக்கா உனக்கு? நீ எத்தனை கிலோ, அது எத்தனை கிலோ?"

நல்லவேளை தட்டிவிட்டேன். பிராணிகள் டாக்டர் ஒரு பெண், நான்கு தெரு தள்ளி மாடியில் கிளினிக் வைத்திருந்தாள்; கூண்டோடு அங்கே தூக்கிக்கொண்டு போனோம். காப்ஸ்யூல் பேரைச் சொன்னதும் அவளுக்கு முகமே மாறிவிட்டது.

"குடுத்துட்டீங்களா?"

"இல்லை."

"தப்பிச்சுது. அந்த வகை மருந்தை இதுங்க வாயில குடுத்தா வயித்துல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துடும். நோய்க்கு முன்னாடி மருந்தே கொன்னுடும்."

சின்ன ஸ்டெதாஸ்கோப்பை அதன் முதுகில் வைத்துக் கேட்டாள். எக்ஸ்ரே எடுத்தாள். ஒரு பக்க நுரையீரல் முழுக்க வெள்ளையாக இருந்தது. நிமோனியா என்றாள். தம்பி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சுப் படமும் அப்படித்தான் இருக்கும், வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு கட்டே கிடக்கிறது.

"எத்தனை நாளா இந்தச் சத்தம்?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுல சத்தம் எப்பவும் இருக்கும் டாக்டர்" என்றேன்.

அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். மாடிப்படி ஏறி வந்த இரைப்பு இன்னும் அடங்கவில்லை அவனுக்கு. புரிந்துகொண்டாள். அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை.

"இதுங்க முடிஞ்ச வரைக்கும் வெளிய காட்டிக்காது. காட்டில நோஞ்சானைத்தானே முதல்ல பிடிச்சுத் திங்கும்? அந்தப் பயம். நமக்குத் தெரியும்போது பாதி முத்தியிருக்கும். உங்க மேல தப்பில்லை."

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மூட்டையை விட்டு ஆக்சிஜன் குழாயைச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் அதன் விலா துடிப்பது குறைந்தது. சிலிர்த்திருந்த முடி படிந்தது. கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டது. தம்பி கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நகராமல் நின்றான்.

"பார்த்தியாடா, எவ்வளவு நிம்மதியா இருக்குன்னு" என்றேன், வேண்டுமென்றே.

"அதுக்குச் சரி" என்றான்.

ஊசி போட்டு, மருந்து கொடுத்து அனுப்பினாள். தூசி இல்லாத புல், தினமும் மாற்றின ஈரமில்லாத விரிப்பு, குளிர்காற்று படாத இடம். நம்மைப் போலவே இதுகளுக்கும் வைட்டமின் சி உடம்பில் தானாக ஊறாதாம், அதற்குச் சொட்டு மருந்தும் குடமிளகாயும். தீனி இல்லாமல் குடல் அசைவு நின்றால் அதிலேயே போய்விடுமாம், அதனால் தீவன மாவைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் கன்னத்தோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். "அவசரப்பட்டா நெஞ்சுக்குள்ள போயிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினா மட்டும் யோசிக்காதீங்க, உடனே தூக்கிட்டு வந்துடுங்க" என்றாள்.

தம்பி எல்லாவற்றையும் தானே செய்தான். மடியில் துண்டை விரித்து, அதை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு சொட்டு கொடுப்பான், அது மென்று விழுங்கும் வரை இருப்பான், இன்னொரு சொட்டு. பெற்ற பிள்ளைக்குக்கூட இந்தப் பொறுமை வராது. ஆனால் அவன் தட்டு அப்படியே இருக்கும்.

"நீ சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா."

தட்டை மூடி வைத்திருப்பான். திறந்தால் பிசைந்தது பிசைந்தபடி. அதற்கு உடம்பு சரியில்லாத கவலை என்று நினைத்தேன். அது பிழைத்துவிட்டால் இவனும் சாப்பிடுவான், சிரிப்பான், நாற்காலியை விட்டு எழுந்து நடப்பான் என்று நம்பினேன். எந்தச் சாமியையும் அதிகம் தொந்தரவு செய்யாதவள், அந்தத் துணி மூட்டைக்காக வேண்டிக்கொண்டேன். ஒரு சாயங்காலம் நான் வெள்ளரிக்காய் நறுக்கியபோது மெல்ல ஒரு 'வீக்' வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

மறுநாள் மதியம் அது தலையை மேலே தூக்கி வாயைத் திறந்துவிட்டது.

"அக்கா!"

நான் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். அட்டைப்பெட்டியில் துண்டோடு வைத்தோம். ஆட்டோ பிடித்தோம். பெட்டியை என்னிடம் கொடு என்றால் கொடுக்கவில்லை. கிளினிக் வாசலில் இறங்கியதும் அவன்தான் முன்னால் படியேறினான். கைப்பிடியில் ஒரு கை, பெட்டியில் ஒரு கை. முதல் படிக்கட்டுத் திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பெட்டியை என் பக்கம் நீட்டினான். பேச்சு வரவில்லை, கையால் மேலே காட்டினான்.

"இங்கேயே இரு, அசையாதே" என்று சொல்லிவிட்டு நான் ஓடினேன்.

டாக்டர் பெட்டியைத் திறந்து அதை மேசையில் வைத்தாள். முகமூடியை அதன் மூக்கில் வைத்து ஆக்சிஜனைத் திறந்தாள். ஊசியை எடுக்கத் திரும்பியவள் மறுபடி அதைப் பார்த்துவிட்டு நின்றாள். விலா அசையவில்லை. இரண்டு விரலை நெஞ்சில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு துண்டின் ஓரத்தை எடுத்து அதன் மேல் போட்டாள்.

"உங்க தம்பி வரலையா?"

"கீழ இருக்கான்."

"நான் வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நானே சொல்றேன்."

எப்படிச் சொல்வது? ஒவ்வொரு படியாக இறங்கினேன். பெட்டி கனக்கவே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. என் வாய்க்கு எதையும் பொத்திப் பொத்திச் சொல்லிப் பழக்கமில்லை. 'போயிடுச்சுடா' என்று சொல்லிவிடலாம், அழுதால் அழட்டும், கூட நானும் அழுதுகொள்கிறேன் என்று திருப்பத்துக்கு வந்தேன்.

அவன் விட்ட இடத்திலேயே இருந்தான். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றித் தோளைத் தூக்கிக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. பெட்டியை அவன் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தான்.

"அக்கா... என்னால... மூச்சு விட முடியலைக்கா."

எத்தனையோ வருஷத்தில் இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"எப்போலேர்ந்துடா?"

"ரொம்ப... நாளாச்சு."

"டாக்டர்!" என்று நான் போட்ட கூச்சலில் அவள் தடதடவென்று இறங்கி வந்தாள். மறுபடி ஓடினாள். சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்தாள். பெரிய நாய்களுக்கு வைக்கிற முகமூடி ஒன்றுதான் அளவாக இருந்தது. அதை அவன் வாயையும் மூக்கையும் சேர்த்து வைத்து அழுத்திக்கொண்டு, மறு கையில் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். "நாய்க்கு வைக்கிறதும்மா, தப்பா நினைக்காதீங்க" என்றாள் என்னிடம். அந்தச் சமயத்திலும் மரியாதை பார்த்தாள் அந்தப் பெண்.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் தோள் இறங்கியது. கண் லேசாகச் சொருகியது. நான் ஒரு படி கீழே உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டி என் மடியில் இருந்தது. அவன் கையை நீட்டி அதன் மூடி மேல் வைத்தான். கேட்கவில்லை, தெரிந்துகொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முகமூடி ஓரத்தில் இறங்கியது.

பிறகு டாக்டரின் கையை விலக்கி, தம்பியே முகமூடியைக் கொஞ்சம் தூக்கினான்.

"அக்கா, ஏன்கா பேசாம இருக்கே? ஏதாவது திட்டுக்கா. எனக்குப் பயமா இருக்கு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை.