ஐம்பத்து நான்கு வயதில் வெள்ளை பெல்ட்

நாஹா விமான நிலையத்தில் டாக்சி ஓட்டும் மோரியோவுக்கு ஒக்கினாவாவின் எல்லாக் கராத்தே பள்ளிகளுக்கும் வழி தெரியும். வாசல்வரைதான். உள்ளே போனதில்லை. ஜெர்மனியிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கராத்தே கற்க வருகிறவர்கள் வண்டியில் ஏறியதுமே, “நீங்கள் எந்தப் பாணி?” என்று கேட்பார்கள். இந்தத் தீவில் பிறந்தவனுக்குக் கராத்தே தெரியாமல் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. பல வருஷம் சிரித்து மழுப்பியவர், ஒருநாள் வாய் தவறி “கோஜு பாணி” என்றுவிட்டார். இறங்கிய வெள்ளைக்காரர் குனிந்து வணங்கி, “ஒரே ஒரு அடி காட்டுங்கள்” என்றார். முதுகுவலி என்று சொல்லித் தப்பித்து வந்தார் மோரியோ.

வீட்டுக்கு வந்து, கராத்தே சேரப் போவதாகச் சொன்னார். சந்தையில் மீன் விற்கும் மனைவி மிட்சுயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“சாக்ஸ் போடவே சுவரைப் பிடிக்கிற ஆளு, காலைத் தூக்கி உதைக்கப் போறியா?”

“நீ ஒண்ணும் வரவேண்டாம்.”

“வராம? நீ எங்க விழுறேன்னு பாக்க வேணாமா?”

சொன்ன பொய்யை நிஜமாக்கத் துறைமுகத்தை ஒட்டிய கோஜு பள்ளிக்குத்தான் போனார்கள். மாஸ்டர் தமாகி என்ற பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். கால்களை அகட்டி, தொடை தரைக்குச் சமமாகும் அளவுக்குத் தாழ்ந்து நிற்கச் சொன்னார். பாதி இறங்கியதும் மோரியோவின் வலது முட்டி நறநறவென்றது. அதற்கு மேல் இறங்கவில்லை.

மாஸ்டர் குனிந்து முட்டியைத் தொட்டுப் பார்த்தார்; வாசலில் நின்ற டாக்சியையும் ஒருமுறை பார்த்தார்.

“எத்தனை வருஷமா பிரேக் மிதிக்கிறீங்க?”

“முப்பது இருக்கும்.”

“எங்க பாணில பாதி வேலை இந்த நிலையிலதான். உங்களைச் சேத்துக்கிட்டா முட்டி போயிடும். ஷுரில அராகாகி மாஸ்டர் ஷோரின் பாணி சொல்லித் தராரு. அங்க நிமிந்து நிப்பாங்க, சட்டுனு நகந்து அடிப்பாங்க. உங்களுக்கு அதுதான் தோது.”

“வந்தவனை வேற பள்ளிக்கு அனுப்புறீங்களே?”

“அவரும் எனக்கு ஆள் அனுப்பியிருக்காரு. உங்க முட்டிய விட எங்க பாணி பெருசில்ல.”

மோரியோவுக்கு முகம் தொங்கிப்போனது. திரும்பினால், சுவரோரம் நின்ற மிட்சுயோ பொழுது போகாமல் அதே நிலையில் தாழ்ந்து நின்றுகொண்டிருந்தாள். மாஸ்டர் போய் அவள் தோளைத் தள்ளினார். அசையவில்லை. பலமாகத் தள்ளினார். நட்ட கல் மாதிரி நின்றாள்.

“அக்கா, நீங்க எப்ப சேர்றீங்க?”

“நானா? நான் இந்த மனுஷன் விழுறதப் பாக்க வந்தேன்.” சொல்லும்போதே அவள் முகம் சிவந்துவிட்டது. அன்றே சேர்ந்தாள்.

மோரியோ ஒரு வாரம் உர்ரென்று இருந்துவிட்டு, ஷுரிக்குப் போனார். அராகாகி மாஸ்டர் பேச்சே இல்லாதவர். நிற்க வைத்தார், குத்தச் சொன்னார். பத்துப் பதினைந்து குத்துக்குப் பிறகு தோள் இறுக்கம் விட்டு, இடுப்புத் திரும்பி, கை தானாகப் போய் முடிந்தது. முட்டி ஒன்றும் சொல்லவில்லை. “ம், அதுதான்” என்றார் மாஸ்டர். வீட்டுக்கு வரும் வழியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் ஸ்டியரிங்குக்கு மேலே குத்திப் பார்த்துக்கொண்டார்.

இப்போது அவர்கள் சமையலறையில் தினமும் சண்டைதான்.

“என்ன இது, கொக்கு மாதிரி நிக்கிற? தள்ளினா விழுந்துடுவே.”

“தள்றதுக்கு நான் அங்க இருந்தாத்தானே? நீ அம்மிக்கல்லு மாதிரி உக்காந்திரு.”

வாணலியில் பாகற்காயும் பன்றிக்கறியும் அடிபிடிக்க, மிட்சுயோ கரண்டியை வைத்துவிட்டுத் தாழ்ந்து நின்றாள்.

“வா, அடி பாப்போம்.”

மோரியோ அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.