மூடுவதற்கு முன் ஒரு துணி

எங்கள் வீட்டில் லேப்டாப்பை மூடுவதற்கு ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டது நான். மீறியது என் தங்கை வாலு. அவளுக்கு அப்பா வைத்த பெயர் வேறு, ஆனால் அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

வீட்டுக்கு ஒரே லேப்டாப். காலையில் எனக்கு, மாலையில் அவளுக்கு. நான் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடிப்பேன். அவள் கார்ட்டூன் படங்களுக்கு வரையப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் வரைவாள், மறு கையால் வறுவல் தின்பாள். தின்ற கையாலேயே கீபோர்டைத் தட்டுவாள். அந்த எண்ணெய் மூடியதும் திரையில் ஒட்டிக்கொள்ளும். காலையில் திறந்தால் கட்டம் கட்டமாக மொத்தக் கீபோர்டும் கண்ணாடியில் நிற்கும். டாக்டர் நுரையீரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், எனக்கு அவள் தின்ற வறுவல்தான் தெரியும்.

அப்பாவின் பழைய வெள்ளைச் சட்டையில் முதுகுப்பக்கத்தைக் கீபோர்டு அளவுக்கு வெட்டினேன். ஓரம் தைத்துத் தரட்டுமா என்று அம்மா கேட்டாள். தையல் பட்டுத் திரையில் கோடு விழும் என்று நான் விடவில்லை. வேலை முடிந்ததும் துணியை விரிக்க வேண்டும், சுருக்கமில்லாமல் நீவ வேண்டும், அப்புறம்தான் மூட வேண்டும். கீபோர்டு மேல் தின்னக் கூடாது, தும்மக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது. கொட்டாவியால் திரைக்கு என்ன வரும் என்று வாலு கேட்டாள். வாயை மூடு என்றேன். கொட்டாவிக்கா, பேச்சுக்கா என்று திருப்பிக் கேட்டாள்.

ஒருநாள் காலையில் திறந்தால் துணியில் நான் இருந்தேன். பேனாவால் வரைந்திருந்தாள். புருவம் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்க, கையில் துடைப்பத்தோடு, ஒரு வறுவல் துண்டைத் துரத்திக்கொண்டு ஓடினேன். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துணியை மூன்று முறை அலசினேன். மை முழுதாகப் போகவில்லை. போகாததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், அதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் துணியைத்தான் கடைசி வரைக்கும் போட்டோம்.

கடைசி என்பது அவளுடைய இன்டர்வியூ நாள். பெரிய அனிமேஷன் நிறுவனம். நான்கு வருடம் வரைந்ததையெல்லாம் லேப்டாப்பில் எடுத்துப் போய்க் காட்ட வேண்டும். முந்தின நாள் மாலை திரையில் ஸ்பேஸ் பாருக்கு நேராக முடி அளவில் ஒரு கீறல் இருப்பதைப் பார்த்துவிட்டேன். துணி போடாமல் மூடியிருக்கிறாய் என்று பிடித்துக்கொண்டேன். போட்டேன் என்று அவள் சாதித்தாள். குடுமிப்பிடிச் சண்டை. கடைசியில் அவள் துண்டை உருவிக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.

காலையில் பஸ் நெரிசலில் போகப் போகிற பொருள். ஒற்றைத் துணி எந்த மூலைக்கு என்று எனக்குத் தோன்றியது. துணியை நான்காக மடித்து நடுவில் வைத்து மூடினேன். மூடி கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளங்கையால் அழுத்தினேன், மூடிக்கொண்டது. பைக்குள் வைத்து, இறுக்கி ஜிப் போட்டு, இனிமேல் ஒரு கீறல் விழாது என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

காலையில் நான் சமையலறையிலிருந்து வரும்போது வாலு சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். திரையின் நடுவில் கறுப்பாக ஒரு திட்டு. அதிலிருந்து நாலாபக்கமும் விரிசல். என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. கீழே போட்டுவிட்டாய் என்றேன். கை வழுக்கியிருக்கும், எண்ணெய்க் கை என்றேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அம்மாவும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். எதற்கும் எதிர்வார்த்தை வைத்திருக்கிற வாலு அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலிருந்த நாலைந்து காகிதப் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வேலை கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வேறு ஊரில் ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து போனவள்தான். ஆறு வருடம். அம்மாவோடு பேசுவாள். போனை நான் எடுத்தால், நல்லா இருக்கேன், அம்மாகிட்ட குடு என்பாள். என் பங்குக்கு நானும் வீம்பாகத்தான் இருந்தேன்.

போன வாரம் வீடு மாற்றும்போது அலமாரியின் மேல்தட்டில் அந்தப் பை கிடைத்தது. உள்ளே லேப்டாப், பக்க ஜிப்பில் துணி. அவள் வரைந்ததெல்லாம் உள்ளேதானே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன என்று தோன்றியது. சும்மா போய் நிற்க எனக்கு முகம் இல்லை. இது ஒரு சாக்கு. இதற்கும் அவள் மசியாவிட்டால் எனக்கு வேறு வழி தெரியாது.

முதலில் படங்களை எடுக்க ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரி வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவள். லேப்டாப்பை வேறொரு திரையோடு இணைத்தாள். வாலுவின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பறக்கிற பூனை, மூக்குக்கண்ணாடி போட்ட மீன், அப்பாவின் சைக்கிள். என் நாக்கு சும்மா இருக்குமா? தங்கை கீழே போட்டு உடைத்தது என்று அவளிடமும் பெருமையாகச் சொன்னேன்.

அவள் திரையின் நான்கு மூலைகளையும் தடவிப் பார்த்தாள்.

"கீழ விழுந்தா மூலையில அடிபட்டிருக்கும் மேடம். இது நடுவுலேர்ந்து விரிஞ்சிருக்கு. உள்ள கனமா எதையோ வச்சு அழுத்தி மூடியிருக்காங்க."

திட்டின் ஒரு பக்கம் கத்தரித்த மாதிரி நேராக இருந்தது. நான் துணியை எடுத்து ஒரு முறை மடித்தேன். இன்னொரு முறை மடித்தேன். திட்டின் மேல் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

சாக்கெல்லாம் மறந்துபோயிற்று. அங்கேயே நின்று போன் போட்டேன். நல்லா இருக்கேன், அம்மாகிட்ட என்று அவள் ஆரம்பிப்பதற்குள், அம்மா இங்கே இல்லை என்றேன். திரையை உடைத்தது நான்தான் என்றேன். துணியை மடித்தேன், அழுத்தினேன், உன் மேல் பழி போட்டேன் என்று கோர்வையில்லாமல் கொட்டினேன்.

"தெரியும்" என்றாள் வாலு.

காலையில் திறந்தபோது நான்காக மடித்த துணிதான் முதலில் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் அதை எடுத்து உதறிக் கொடியில் போட்டுவிட்டாள்.

"ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ தாங்கியிருக்க மாட்டே. காலங்காத்தால ஸ்கிரீன் ஒண்ணு ஒடைஞ்சது போதும்னு இருந்தேன். ஆனா என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்த நீ கேப்பேன்னு பாத்தேன். ஆறு வருஷமா பாத்தேன். நீ கேக்கவே இல்லக்கா."

கேட்டிருக்க வேண்டும். முதலில் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். கடைக்காரி எழுந்து உள்ளே போய்விட்டாள். வெள்ளைத் துணியில் மங்கிப்போன மையில் புருவத்தை நெரித்துக்கொண்டு நான் துடைப்பத்தோடு ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்கு ஒழுகியது, உறிஞ்சினேன்.

"லேப்டாப் முன்னாடியா நிக்கறே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"தொறந்திருக்கா?"

"தொறந்துதான் இருக்கு."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லு" என்றாள் வாலு. "கீபோர்டு மேல அழக் கூடாது."