கையில் கொடுத்த மீன்

1

இந்தக் கதை என்னிடம் ஒரு பொய்யாகத்தான் வந்து சேர்ந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிற ஹார்லன் டிட்வெல், ஆசிரியர் அறையில் காபி இயந்திரத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னான்: "வாத்தியாரே, எங்க ரினே போன சனிக்கிழமை தவளைல ஒரு மீனு போட்டா பாருங்க. நாலு பவுண்டு ரெண்டு அவுன்ஸ். பர்விஸ் குளத்துல."

ரினே அவனுடைய தம்பி மனைவி. தம்பி டேல் போன வருடம் மார்ச்சில், நாற்பத்து நாலு வயதில், மரவாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சு நின்று இறந்துபோனான். அவளுக்கு இது பதினோரு வருட முயற்சிக்குப் பிறகு வந்த முதல் மீன். தெற்கு ஜார்ஜியாவில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருந்தாலும், கதை வாடை அடித்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன்.

"தவளை தாவியது. தண்ணீர் வெடித்தது. ரினேயின் வாழ்க்கை —"

வாழ்க்கை என்ன ஆனது என்று எனக்கே தெரியாததால் வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அதை அழிக்கவில்லை. என் அவசரத்துக்கு அத்தாட்சியாகக் கிடக்கட்டும்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம், மளிகைக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது ரினேயே வந்து நின்றாள்.

"ஹார்லன் சொன்னத எழுதுறீங்களாமே?"

"ஏதோ முயற்சி பண்றேன்."

"எழுதுங்க. ஆனா நான் பிடிச்சேன்னு மட்டும் எழுதாதீங்க."

"பின்ன யார் பிடிச்சது?"

"அதத்தான் எழுதணும்," என்றாள். என் கூடையிலிருந்து ஒரு அழுகல் தக்காளியை எடுத்துத் திரும்பக் குவியலில் போட்டுவிட்டுப் போனாள்.

2

தவளை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இது ரப்பர் தவளை. வயிறு காலி, அதனால் மிதக்கும். இரண்டு தூண்டில் முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும், ஆகவே பாசியில் மாட்டாது. செப்டம்பரில் இந்தப் பக்கத்துக் குளங்களில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது. அல்லி இலையும் பாசியும் ஒரே விரிப்பாகக் கிடக்கும். அதன்மேல் தவளையைத் தத்தித் தத்தி நடக்கவிட்டால், அடியில் நிழலில் படுத்திருக்கிற பாஸ் மீன் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து கவ்வும்.

கஷ்டம் அங்கேதான். சத்தம் கேட்டவுடன் இழுக்கக் கூடாது. மீன் தவளையை வாய்க்குள் வாங்கி, தலையைத் திருப்பி, அதன் கனம் தூண்டில் கம்பில் தெரிகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகுதான் முள் பதியும்படி கம்பைச் சுண்டி, வெட்டி இழுக்க வேண்டும். முந்திக்கொண்டால் மீன் உள்ளே போய்விடும், தவளை மட்டும் பறந்துவந்து நம் நெற்றியில் அறையும்.

டிட்வெல் குடும்பத்தார் சனிக்கிழமை தவறாமல் போகிறவர்கள். ஹார்லன், ரினே, அவள் மாமியார் வெர்னா, உயிரோடிருந்தவரை டேல். அவர்களிடம் ஒரு பச்சை நிறத் தூண்டில் பெட்டி உண்டு. அதன் மூடியின் உட்புறத்தில் பெயர்கள் எழுதுவார்கள். தவளையில், தானே வெட்டி இழுத்து, தானே படகில் ஏற்றியவர் பெயர் மட்டும்தான். எடை, தேதி, பெயர். வெர்னாவின் பெயர் பதினேழு இடத்தில் இருக்கிறது. டேலுக்கு அதில் ஏற மூன்று வருடம் பிடித்ததாம். ரினேயின் பெயர் அதுவரை இல்லை.*

* விருந்தாளிகளுக்கு வேறு ஏற்பாடு. புதுப் பாதிரியார் வந்தாலோ, வெளியூரிலிருந்து வெர்னாவின் சிநேகிதி வந்தாலோ, ஹார்லன் மீன் வாயில் முள்ளைப் பதித்துவிட்டுக் கம்பைச் சட்டென்று அவர்கள் கையில் கொடுத்துவிடுவான். அவர்கள் இழுப்பார்கள், கூவுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். பெட்டியில் பெயர் ஏறாது, அவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான் மூன்று பவுண்டு மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிற படம் ஒன்று ஆறு வருடமாக ஒட்டியிருக்கிறது. இந்தக் கதையை எழுதும்வரை அதை நான் பிடித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

ரினேயைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவள் மாவட்ட அவசர உதவி மையத்தில் தொலைபேசி எடுக்கிறவள். தீ, விபத்து, மூச்சுத்திணறல். மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட வேண்டிய வேலை. பதினான்கு வருடமாக அப்படிப் பழகிய கை, மீன் அடித்ததும் இழுக்காமல் என்ன செய்யும்? எழுதிப் பார்த்தால் கதைக்காக நானே தைத்துப் போட்ட சட்டை மாதிரி இருந்தது. யாரும் நம்பமாட்டார்கள் என்று ஒரு பிரதியில் அவளை ரொட்டிக் கடையில் வேலைக்கு வைத்தேன். இரண்டு பக்கத்தில் ராஜினாமா செய்துவிட்டாள். நிஜமாக அவள் பார்க்கிற வேலையே இருக்கட்டும், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இன்னொரு பிரதியில் அவளுக்கு ஒரு மகளைக் கொடுத்தேன் —

(வெட்டிவிட்டேன். மகள் இருந்தால் இந்தக் கதையே இல்லை.)

ஏனென்றால் ரினேயின் பயம் இதுதான். டேல் போய்விட்டான். பிள்ளை இல்லை. டிட்வெல் என்ற பெயர் அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை விடிந்ததும் ஹார்லனின் வண்டி வாசலில் வந்து இரண்டு முறை ஒலிக்கிறது, அவளும் ஏறிக்கொள்கிறாள். கூப்பிடுவது பாவம் பார்த்தா, இல்லை நம் வீட்டுப் பெண் என்றா? பாவம் பார்ப்பது என்றைக்காவது ஒரு நாள் தீர்ந்துபோகும். அன்றைக்கு வண்டி வராது. அவளுக்கு வேறு வீடு இல்லை, இவர்கள்தான். பெட்டி மூடியில் தன் பெயர் ஏறிவிட்டால் யாரும் அதை எடுத்துவிட முடியாது என்று நினைத்தாள். அதனால் அந்த வருடம் முழுக்க வைராக்கியமாக வீசினாள். கொல்லையில் புல்தரையில் பிளாஸ்டிக் தட்டை வைத்து, வேலைக்குப் போகுமுன் தினம் நாற்பது வீச்சு.

4

அந்தச் சனிக்கிழமை, பர்விஸ் குளம். மாடுகள் தண்ணீர் குடிக்கிற குளம், ஊர்க்காரர்கள் எல்லாரையும் பர்விஸ் விடமாட்டார், இவர்களை விடுவார். தட்டை அடிப் படகு. ரினே முன்னால், வெர்னா நடுவில், ஹார்லன் பின்னால் துடுப்போடு.

காலையிலேயே ரினேயின் தவளைக்கு மீனிடமிருந்து மூன்று அடி விழுந்துவிட்டது. மூன்றையும் முந்தி இழுத்தாள்.

"ரினே," என்றான் ஹார்லன், "அது போன் இல்ல. ரெண்டாவது மணி அடிக்கட்டும்."

"நீ வாய மூடினா எனக்கு மணியே கேக்கும்."

"எனக்கு அவிச்ச கடலைய எடுத்துக் குடுங்க யாராவது," என்றாள் வெர்னா. "இவன் பேசுறதக் கேட்டா மீன் பர்விஸ் வீட்டுச் சமையல்கட்டுக்குப் போயிரும்."

நான்காவது அடி பெரியது. அல்லி இலைக் கூட்டத்தின் நடுவே கையகல ஓட்டையில், வாளித் தண்ணீரைக் கொட்டினது போல. ரினே பல்லைக் கடித்தாள். ஒன்று என்று எண்ணினாள். இரண்டு என்று எண்ணுமுன் கை தானாக எழுந்துவிட்டது. தவளை வெர்னாவின் தொப்பியைத் தட்டிவிட்டுத் தண்ணீரில் விழுந்தது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவளுக்கு மோசமாக இருந்தது. தவளையை எடுத்து, உள்ளே புகுந்த தண்ணீரைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவள் தோளுக்கு மேலாக ஹார்லனின் தவளை பறந்துபோய் அதே ஓட்டையில் இறங்கியது. அடி. அமைதி. வெட்டு. கம்பு வில்லாக வளைந்தது.

"பிடி," என்றான். "ரினே, பிடி, பிடி."

கம்பு அவள் கைக்கு வந்துவிட்டது. விடவும் முடியாது, விட்டால் கம்பே குளத்துக்குள் போய்விடும். இழுத்தாள். மீனைவிடப் பெரிய பாசி உருண்டை ஒன்று வந்தது, அதற்குள் மீன் இருந்தது. வெர்னா வலையில் வாங்கினாள், தராசில் தொங்கவிட்டாள், பச்சைப் பெட்டியைத் திறந்தாள். மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றி எழுதினாள். நாலு பவுண்டு ரெண்டு அவுன்ஸ். ரினே.

(இந்த இடத்தில் ரினேயின் முகத்தைப் பற்றி எட்டு வரி எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் வேர்வையத் தொடச்சேன், அவ்வளவுதான்," என்றாள். எட்டும் போயின.)

5

அந்த வாரம் வேலையிடத்தில் எல்லாரும் வாழ்த்தினார்கள். யாரோ மீன் வடிவ கேக் வாங்கிவந்தார்கள். ரினே ஒரு துண்டு வாங்கிக் கழிப்பறைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, படகைத் தண்ணீரில் தள்ளுமுன், கரையிலேயே பெட்டியைத் திறந்து, மார்க்கரை எடுத்து, தன் பெயரின்மேல் ஒரு கோடு போட்டாள். தடித்த கோடு.

"என்ன பண்ற?" என்றான் ஹார்லன்.

"நான் பிடிக்கல. நீ பிடிச்ச."

"நீதான இழுத்துப் போட்ட."

"பாதிரியாரும் இழுத்துத்தான் போட்டாரு."

"ஒரு மூடிக்கா இவ்வளவு? உனக்கு நல்லது செஞ்சா அது தப்பா?" அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. முரடன், ஆனால் மனது வலித்தால் மறைக்கத் தெரியாதவன். "டேல் இருந்தா அவனே செஞ்சிருப்பான்."

"டேலுக்கு யாரு செஞ்சா? மூணு வருஷம் அவன் வெறுங்கையோட வீடு வந்தான். நீ சிரிச்ச. உங்கம்மாவும் சிரிச்சாங்க. ஒருத்தரும் அவன் கையில கம்பக் குடுக்கல. ஏன்னா அவன் உங்க ஆளு." ரினே மார்க்கரை மூடினாள். "கையில மீனக் குடுக்குறது விருந்தாளிக்கு. அவன் போனதுலேருந்து என்னைய முன்னால ஒக்கார வெக்கிறீங்க. துடுப்பத் தொட விடல. டீ ஊத்தித் தர்றீங்க. மிஸ் வெர்னா, நான் உங்க வீட்டுக்கு விருந்து வந்தவளா?"

வெர்னா வேர்க்கடலைத் தோலைத் துப்பினாள். குளத்தைப் பார்த்தாள். மகனுக்காக அவள் ஊருக்கு முன்னால் அழுது யாரும் பார்த்ததில்லை, இப்போதும் அழவில்லை. கண்ணைக் கசக்கியது வெயிலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

"அப்ப முன் சீட்ட விட்டு எந்திரி," என்றாள் கடைசியில். "அது நல்ல எடம், எனக்கு வேணும். ஹார்லனுக்குத் தோள்பட்டை ஒரு மாசமா வலிக்குது, சொல்ல மாட்டேங்கறான். பின்னால போய்த் துடுப்பப் போடு. சும்மா ஒக்காந்துக்கிட்டு வந்ததெல்லாம் போதும்."

"எனக்கு ஒண்ணும் வலிக்கல," என்றான் ஹார்லன்.

"நடுவுல ஒக்காருடா."

ரினே பின்னால் போய் உட்கார்ந்து துடுப்பை எடுத்தாள்.

6

முடிவு.

முதல் முடிவை உற்சாகமாக எழுதினேன். அன்றைக்கே, பின் இருக்கையிலிருந்து, ரினே ஏழு பவுண்டு மீனைப் —

நிறுத்திவிட்டேன். அவள் இரண்டு என்று எண்ணும்வரை பொறுத்தாள் என்று எழுத எனக்கு ஒரு வினாடி போதும். அந்த வினாடியில் கம்பைப் பிடித்து முள்ளைப் பதிப்பது யார்? நான். பதித்துவிட்டு, பிடி ரினே, பிடி என்று அவளிடம் நீட்டுவதும் நான்தான். ஹார்லனாவது அன்பினால் செய்தான். நான் ஒரு நல்ல கடைசிப் பத்திக்காகச் செய்திருப்பேன்.

இரண்டாவது முடிவில் அவளுக்கு மீன் கிடைக்கவே கிடைக்காது, ஆனால் மனநிறைவு கிடைக்கும். அதைப் படித்துக் காட்டியபோது ரினே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு மனநிறைவு வேணாம், மீன் வேணும்," என்றாள்.

ஆகவே எனக்குத் தெரிந்தவரை மட்டும் சொல்கிறேன். அன்று ஒன்றரை மணி நேரம் அவள் படகு தள்ளினாள். இரண்டு முறை அல்லித் தண்டில் துடுப்பு சிக்கிப் படகைச் சுழற்றிவிட்டாள், வெர்னா நன்றாகத் திட்டினாள். வெர்னாவுக்கு இரண்டு மீன். ஹார்லனுக்கு ஒன்றும் இல்லை.

"டீ ஊத்து, ரினே," என்றான்.

"நீயே ஊத்திக்க. என் கை துடுப்புல இருக்கு."

அவன் ஊற்றிக்கொண்டான். தனக்கு மட்டும்.

பின் இருக்கைக்குக் கிடைப்பது முன்னால் இரண்டு பேர் அடித்துத் துவைத்துவிட்டுப் போன தண்ணீர். அங்கிருந்து மீன் பிடிப்பது கடினம், குடும்பத்தில் எல்லாருக்கும் அது தெரியும். மேற்குக் கரை ஓரத்தில் ரினே துடுப்பை மடியில் கிடத்தினாள், தன் கம்பை எடுத்தாள், வெர்னா ஏற்கெனவே இரண்டு தடவை வீசிய இலைக் கூட்டத்துக்கே வீசினாள். தவளை ஒரு இலையில் ஏறியது. இறங்கியது. அதன் பின்னால், அடியில் மீன் வருவதுபோல், பாசி மெல்ல மேடிட்டது.

நான் இங்கே எழுந்துகொள்கிறேன். நீங்கள் விருப்பம்போல் முடித்துக்கொள்ளுங்கள். மீன் படகில் ஏறுகிறது என்று முடித்தால், தொடக்கம் முதல் கம்பு அவள் கையிலேயே இருக்கட்டும், உங்கள் கை அதில் படவேண்டாம். ஏறவில்லை என்று முடித்தால், அவளுக்காக வருத்தப்பட்டு எதையும் ஊற்றிக் கொடுக்காதீர்கள். படகைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவள் அவள்தான், அவளுக்கு வேலை இருக்கிறது.